தொப்புளுக்குக் கீழ தண்ணி குளிரல

வணக்கம் நேயர்களே. நான் இலங்கையில பொகவந்தலாவ பக்கம் தேயிலத் தோட்டத்துல கொழுந்து எடுத்தவ, இப்ப மலைக்குப் போறதில்ல. எனக்கு வந்தது முண்ணாண்ல, அதாவது முதுகெலும்புக்குள்ள ஓடுற நரம்புத் தண்டுல, அழற்சி, டொக்டர்மார் ட்ரான்ஸ்வெர்ஸ் மயலைட்டிஸ்னு சொல்லுவாங்க.

மொதல்ல தெரிஞ்சது நாங்க குளிக்கிற தண்ணிப் பீலியிலதான். விடியக்காலம் தண்ணிய மொண்டு ஊத்துறேன், தோள்ல வெட்டுற மாதிரி குளிருது, தொப்புளுக்குக் கீழ போனா குளிரே இல்ல, என்னமோ வழியுற மாதிரி மட்டும் இருக்கு. முந்தின நாள் அட்ட கடிச்சு கால்ல ரத்தம் ஓடியிருக்கு, கூட இருந்த அக்கா சொல்லித்தான் பாத்தேன். ரெண்டே நாள்ல காலு துவண்டு போச்சு, ஒண்ணுக்குப் போகவும் முடியல.

காலுன்னு சொன்னதால இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தாங்க, நல்லா இருக்குன்னாங்க. எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும், அதுக்குள்ள ஓடுற முண்ணாண் தெரியாதுன்னு எனக்கு அப்ப யாரும் சொல்லல. பிறகு எம்.ஆர்.ஐ., காந்தத்தால உள்ள படம் எடுக்கிறது, அதுவும் இடுப்புக்குத்தான், அதுவும் நல்லா இருக்கு. நாங்க இருக்கிற லயத்து வீடுகள்ல காத்து கருப்புன்னு பேச்சு, அம்மா கயிறு கட்டிவிட்டாங்க. அம்மா மேல எனக்குக் கோவமில்ல, ரெண்டு படமும் நல்லா இருக்குன்னா அவங்க வேற என்னத்த நெனப்பாங்க?

அப்புறம் ஒரு டொக்டர் ஊசி முனைய வச்சு பாதத்துலருந்து மேல மேல தொட்டுக்கிட்டே வந்தார். தொப்புள்கிட்ட வந்ததும் சுருக்குன்னுச்சு. "பீலித் தண்ணியும் இங்கருந்துதான் சார் குளிரும்"னேன். அவர் உடனே நெஞ்சுப் பக்கத்து முதுகுக்குப் படம் எழுதினார். பெரியவங்களுக்கு முண்ணாண் இடுப்புப் பக்கத்து முதுகெலும்பு தொடங்குற எடத்துலயே, மொதலாவது ரெண்டாவது எலும்புகிட்ட முடிஞ்சிருதாம், அதுக்குக் கீழ நரம்புக் கத்ததான். எங்க உணர்ச்சி நிக்கிதோ அந்த மட்டத்துலயும் அதுக்கு மேலயுந்தான் தேடணும்.

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள்ள போறதுக்கு முன்ன தாலி, தோடு எல்லாம் கழட்டச் சொல்லுவாங்க, அது பெரிய காந்தம். சத்தம் தகரத்துல சுத்தியல் அடிக்கிற மாதிரி, ஆனா வலிக்காது, எக்ஸ்ரே கதிரும் இல்ல. படத்துல எனக்குக் காட்டினாங்க, சாம்பல் கயிறு மாதிரி முண்ணாண், நடுவுல வெள்ளையா வீங்கின எடம். முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாத்தாங்க, அழற்சியக் கொறைக்க அஞ்சு நாள் ஸ்டீரொய்ட் மருந்து ஏத்தினாங்க.

ஆறு மாசத்துல எடுத்த படத்துல வெள்ள கொறஞ்சிருச்சு, எனக்கோ காலு இன்னும் எரியுது, வெயில் ஏறினா நட தளருது. படம் தெளிஞ்சாலும் காலு தெளியாம இருக்கலாம், நீங்க நடிக்கிறீங்கன்னு அர்த்தமில்ல. எனக்கு இது தெரிஞ்சப்பதான் அழுகையே நின்னுச்சு. சுடுதண்ணிய இன்னைக்கும் கையில பாத்துட்டுத்தான் கால்ல ஊத்துறேன்.

திடீர்னு காலு மரத்து, ஒண்ணுக்கும் அடைச்சா அன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, எந்த எடம் வரைக்கும் மரத்திருக்குன்னு வெரல வச்சுக் காட்டுங்க. பழைய படத்தையும் கூடவே கொண்டு போங்க, புதுசோட வச்சுப் பாக்க அது வேணும். என்னோடத நான் அடுப்புப் புகை படாம, சேலப் பெட்டியில மேலாக்க வச்சிருக்கேன்.