வலிப்பு மாத்திரையை நிறுத்தி 4 நாள் ஆச்சு, ஒண்ணும் ஆகலையே! (இனிமேதான் இருக்கு)

(திரையில்: காலியான மாத்திரை அட்டை)

"அட்டை தீர்ந்து 4 நாள் ஆச்சு, வாங்க மறந்துட்டோம். ஆனா பையனுக்கு ஃபிட்ஸ் வரலை. அப்போ இந்த மாத்திரை தேவையே இல்லை போல!"

இந்தக் கணக்கு தப்பு. ஆனா போட்டவங்களைத் திட்ட முடியாது, ஏன்னா இந்த மருந்தே ஆளை ஏமாத்துற மருந்து. பேரு பினோபார்பிட்டோன். நம்ம ஊர் மெடிக்கல்ல "கார்டெனால்"னு கேட்டா சட்டுனு புரியும். வேற கம்பெனி பேர்லயும் வருது. வலிப்பை அடக்கும், கூடவே தூக்கமும் வர வைக்கும். இதுல நீங்க பண்ற தப்பு அன்னிக்கே தெரியாது. அடுத்த வாரம் தெரியும். இன்னிக்கு வீடியோ முழுக்க இந்த ஒரு விஷயம்தான்.

வரலாறு சீக்கிரமா முடிச்சிடறேன். 1912, ஜெர்மனி. தூக்க மருந்தா லூமினால்னு இதைக் கடைக்குக் கொண்டு வர்றாங்க. அதே வருஷம் ஃப்ரைபர்க்ல ஆல்ஃபிரட் ஹாப்ட்மன்னு ஒரு இளம் டாக்டர். வலிப்பு நோயாளிங்க வார்டுக்குப் பக்கத்துலயே படுக்கை. ராத்திரி யாருக்காவது வலிப்பு வந்து சத்தம் கேட்டா இவர் தூக்கம் போச்சு. அவங்க நல்லா தூங்கட்டும், நாமளும் தூங்கலாம்னு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்னு சொல்லுவாங்க. பார்த்தா, ராத்திரி மட்டும் இல்ல, பகல்லயும் வலிப்பு குறைஞ்சிருக்கு! தூக்கம் கெட்ட கடுப்புல கிடைச்ச மருந்து, நூறு வருஷம் தாண்டியும் உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கு. நாய்க்கு வலிப்பு வந்தாலும் கால்நடை டாக்டர் பெரும்பாலும் இதைத்தான் எழுதுவார். வரலாறு ஓவர்.

(திரையில்: ஏரி, வரத்து வாய்க்கால், மதகு)

இப்போ எனக்குப் பிடிச்ச இடம். பாராசிட்டமாலைக் குடத்துத் தண்ணின்னு வெச்சுக்கோங்க. ஊத்தினா ரொம்பும், கவுத்தா காலி. சில மணி நேரத்துல கதை முடிஞ்சிடும். பினோபார்பிட்டோன் ஏரி. வாய்க்கால் வழியா தினம் கொஞ்சம் வரும், மதகு வழியா தினம் கொஞ்சம் போகும். அந்த மதகுதான் நம்ம கல்லீரலும் சிறுநீரகமும். பெரியவங்களுக்கு உடம்புல இருக்கிற மருந்து பாதியாகவே சுமார் 3லேர்ந்து 5 நாள் ஆகும். நாம 4 நாள்னு வெச்சுப்போம்.

இன்னிக்கு ராத்திரி முதல் மாத்திரை. 4 நாள்ல ஏரி பாதி ரொம்பும். 8 நாள்ல முக்கால். 12 நாள்ல எட்டுல ஏழு பங்கு. வர்ற தண்ணியும் போற தண்ணியும் சமமாகி மட்டம் நிலையா நிக்க 2, 3 வாரம். அதனால "3 நாளா கொடுக்கறோம், கேக்கலையே"ன்னு நீங்களா அரை மாத்திரை கூட்டினீங்கன்னா, கூட்டினதோட முழு வேகம் மூணாவது வாரம்தான் தெரியும். பொண்ணு சுவத்தைப் பிடிச்சு நடக்கும், நாக்கு குழறும். "நேத்து சாப்பிட்டது ஒத்துக்கலையோ"ன்னு நீங்க தேடிட்டு இருப்பீங்க.

திருப்பிப் போடுங்க. நிறுத்தினா 4 நாள்லயும் ஏரியில பாதி தண்ணி நிக்குது. பையன் நல்லாத்தான் இருப்பான், மிச்சம் இருக்கிற மருந்து காப்பாத்திட்டு இருக்கு. மட்டம் இறங்க இறங்க, அதுவரைக்கும் அமுக்கி வெச்சிருந்த மூளை எகிறும். வர்ற வலிப்பு பழைய வலிப்பை விட மோசமா இருக்கலாம். ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்ததுன்னு நிக்காம வர்ற நிலைக்கும் போகலாம். எந்த நாள்ல வரும்னு தேதி குறிச்சுச் சொல்ல முடியாது. இந்த மருந்தை நிறுத்தணும்னா டாக்டர் படிப்படியா, பல வாரம், சில சமயம் பல மாசம் எடுத்துத்தான் குறைப்பார்.

ரத்தப் பரிசோதனைக்கும் இதே ஏரிதான். சாதாரணமா 1 மி.லி. ரத்தத்துல 15லேர்ந்து 40 மைக்ரோகிராம் இருக்கணும்னு பார்ப்பாங்க. டோஸ் மாத்தின மூணாவது நாளே போய் ரத்தம் கொடுத்தா, ஏறிட்டு இருக்கிற ஏரியை பாதியில அளந்த கதை. 2, 3 வாரம் கழிச்சு எடுங்க. (மயக்கம் அதிகமா இருந்து டாக்டர் உடனே எடுக்கச் சொன்னா அது வேற.)

பிறந்த குழந்தைக்கு வலிப்பு வந்தா ரெண்டு வாரம் காத்திருக்க முடியுமா? முடியாது. அதான் ஆஸ்பத்திரியில எடுத்த எடுப்புல கிலோவுக்கு 20 மி.கி. ஊசியில போடுவாங்க. டேங்கர் லாரியில தண்ணி கொண்டு வந்து ஏரியை ஒரே நாள்ல ரொப்பற வேலை அது. அப்புறம் தினம் கிலோவுக்கு 3லேர்ந்து 5 மி.கி.ன்னு வாய்க்கால் தண்ணி. பிறந்த முதல் வாரம் மதகு ரொம்பச் சின்னது, மருந்து தங்கும். சில வாரத்துல மதகு பெருசாகும், எடையும் ஏறும். அதனால டிஸ்சார்ஜ் சீட்டுல இருக்கிற அளவையே ஆறு மாசம் ஓட்டாதீங்க. ஒவ்வொரு தடவை போகும்போதும் எடை போட்டு அளவைச் சரி பார்க்கச் சொல்லுங்க.

(திரையில்: சிரப் பாட்டில், ஊசி இல்லாத சிரிஞ்ச், பாலாடை)

சிரப். அதிகமா தப்பு நடக்கிற இடம். சீட்டுல இருக்கிறது மி.கி., கையில இருக்கிறது மி.லி. ரெண்டும் ஒண்ணில்ல! இங்க கிடைக்கிற சிரப் பலதுல 5 மி.லி.யில 20 மி.கி. மருந்து. 10 கிலோ குழந்தை, கிலோவுக்கு 4 மி.கி.ன்னா ஒரு நாளைக்கு 40 மி.கி., அதாவது 10 மி.லி. இப்போ வேற ஒரு சீட்டுல "20 மி.கி." இருக்கு, அவசரத்துல 20 மி.லி.ன்னு படிச்சுட்டீங்க. உள்ள போனது 80 மி.கி. நாலு மடங்கு!

அடுத்தது, எல்லாக் கம்பெனி சிரப்பும் ஒரே அடர்த்தி இல்ல. போன மாசம் ஒரு பாட்டில், இந்த மாசம் வேற பாட்டில்னா, பழைய மி.லி.யையே ஊத்தாம லேபிள்ல "5 மி.லி.க்கு எவ்வளவு"ங்கிற வரியைப் படிச்சுட்டு, கடைக்காரரையே கணக்குப் போட்டு பாட்டில் மேல பேனாவால எழுதித் தரச் சொல்லுங்க. மாத்திரையும் அப்படித்தான். 30 மி.கி.யும் இருக்கு, 60 மி.கி.யும் இருக்கு. "ஒரு மாத்திரை"ன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டா ஒரு நாள் மாட்டுவீங்க.

அளக்கிறது எதுல? சமையல்கட்டு ஸ்பூன் வேண்டாம். ஒண்ணு 3 மி.லி. பிடிக்கும், இன்னொண்ணு 7 பிடிக்கும். பாலாடையும் வேண்டாம், அது ஊட்டறதுக்கு, அளக்கறதுக்கு இல்ல. மெடிக்கல்ல ஊசி இல்லாத சிரிஞ்ச் வாங்கிக்கோங்க. பாட்டிலைக் குலுக்கி, மெதுவா இழுங்க. குமிழ் வந்தா சிரிஞ்சை நிமிர்த்தித் தட்டி, காத்தை வெளிய தள்ளிட்டு மறுபடி இழுங்க. கறுப்பு ரப்பரோட மேல் விளிம்பு எந்தக் கோட்டுல நிக்குதோ அதான் அளவு. கண்ணுக்கு நேரா வெச்சுப் பாருங்க. குழந்தை தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு, கன்னத்துக்கு உள்பக்கமா கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. மூக்கைப் பிடிச்சுத் தொண்டையில ஊத்தற பழைய வித்தை வேண்டவே வேண்டாம், புரையேறும்.

புட்டிப் பால்ல கலக்கலாமான்னு கேப்பீங்க. கலந்து, குழந்தை பாதிப் பாலைக் குடிச்சுட்டுத் தூங்கிடுச்சுன்னா, எவ்வளவு மருந்து போச்சு? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கலக்காதீங்க.

கொடுத்து அரை மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா பொதுவா அதே அளவை இன்னொரு தடவை கொடுக்கலாம். அரை மணி தாண்டினா வேண்டாம். பச்சைக்குழந்தைன்னா டாக்டருக்கு போன் பண்ணிட்டுச் செய்யுங்க. ஒரு வேளை மறந்தா, ஞாபகம் வந்ததும் கொடுங்க. அடுத்த வேளை நெருங்கிடுச்சுன்னா விட்டதை விட்டுடுங்க, ரெண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். ஒரு வேளை விட்டா ஏரி வத்திடாது. விரதம், கோயில் பயணம்னு வரிசையா நாலு நாள் விடறதுதான் வம்பு. ஒரு வாய் தண்ணியில மாத்திரை முழுங்கினா சாமி கோவிச்சுக்காது.

சரி, இன்னொரு வேடிக்கை. "தூக்கம் வரும்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. இவன் என்னடான்னா பீரோ மேல ஏறி நிக்கிறான்!" உண்மைதான். பெரியவங்களைத் தூங்க வைக்கிற அதே மருந்து, சில குழந்தைங்களை நேர் எதிரா ஆட வைக்கும். துறுதுறுப்பு, பிடிவாதம், எடுத்ததுக்கெல்லாம் அழுகை, ராத்திரி தூக்கமின்மை. வயசானவங்களுக்கும் சில சமயம் தடுமாற்றம், படபடப்பு வரும். டீச்சர் "சேட்டை தாங்கல"ன்னு டைரியில எழுதி அனுப்புவாங்க, அப்பா பெல்ட்டைத் தேடுவார். அடிக்காதீங்க, அது மருந்து பண்ற சேட்டை. "தூங்க மாட்டேங்குறானே"ன்னு டோஸைக் கூட்டவும் கூட்டாதீங்க. மருந்து ஆரம்பிச்ச தேதி, சேட்டை ஆரம்பிச்ச தேதி ரெண்டையும் குறிச்சுட்டுப் போய்க் காட்டுங்க. மருந்தை மாத்த வழி இருக்கு.

படிப்பு? 1990ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வு. காய்ச்சல் வலிப்பு வந்த சின்னக் குழந்தைங்களுக்கு 2 வருஷம் இதைத் தினம் கொடுத்துப் பார்த்ததுல, அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியா 8 புள்ளிக்கு மேல குறைஞ்சிருந்தது. அதனாலதான் வெறும் காய்ச்சல் வலிப்புக்கு இன்னிக்கு இதைத் தினசரி மருந்தா கொடுக்கிறதில்ல. இதைக் கேட்டுட்டு நிஜமான வலிப்பு நோய்க்காரக் குழந்தையோட மருந்தை இன்னிக்கு ராத்திரி நிறுத்திடாதீங்க. அடக்காத வலிப்பு அதை விட மோசம்.

எது சாதாரணத் தூக்கம், எது ஆபத்து? முதல் ஒண்ணு ரெண்டு வாரம் சொக்கல் இருக்கும், கூப்பிட்டா முழிச்சுத் தெளிவா பேசினா பரவாயில்ல. தள்ளாடி நடக்கிறது, வாய் குழறல், கண்ணு பக்கவாட்டுல துடிக்கிறது இருந்தா அன்னிக்கே டாக்டருக்கு போன். உலுக்கியும் எழுந்திருக்கலை, மூச்சு மெதுவா விட்டு விட்டு வருது, கைக்குழந்தை பாலுக்கே முழிக்கலை, துவண்டு கிடக்குன்னா உடனே ஆஸ்பத்திரி. இந்த மருந்து அளவு மீறிட்டா அதை முறிக்கிற மருந்து கிடையாது. மூச்சுக்கு முட்டுக் கொடுத்து, ஏரி வடியற வரைக்கும் பார்த்துக்கணும்.

மருந்து ஆரம்பிச்ச முதல் ரெண்டு மாசத்துக்குள்ள காய்ச்சலோட தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு வந்தா "வேர்க்குரு"ன்னு பவுடர் போடாதீங்க. அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க, அடுத்த வேளை கொடுக்கலாமான்னு அவர் சொல்லட்டும். ஃபெனிட்டாய்ன், கார்பமஸெபைன்ங்கிற வேற வலிப்பு மருந்துங்க ஏற்கெனவே ஒத்துக்காதவங்க முன்கூட்டியே சொல்லிடுங்க, இதுவும் ஒத்துக்காம போகலாம்.

கூட்டு மருந்து. வேல்ப்ரோவேட்ங்கிற இன்னொரு வலிப்பு மருந்தைச் சேர்த்தா அது நம்ம மதகைப் பாதி அடைச்சிடும், பினோபார்பிட்டோன் மட்டம் ஏறும். இன்னொரு பக்கம், பினோபார்பிட்டோன் கல்லீரலை விரட்டி வேலை வாங்கும், மத்த மருந்து பலதும் சீக்கிரம் கரைஞ்சு போகும். கருத்தடை மாத்திரை வேலை செய்யாம போகலாம், ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற வார்ஃபரின் வலுக் குறையும். வருஷக்கணக்கா சாப்பிட்டா வைட்டமின் டி குறைஞ்சு எலும்பு தேயும். சளி சிரப், தூக்க மாத்திரை, சாராயம் இதுல எது சேர்ந்தாலும் மயக்கம் கூடும். கர்ப்பம் ஆகணும்னு நினைக்கிறவங்க முன்னாடியே டாக்டரைப் பாருங்க, குழந்தைக்குக் குறைபாடு வர்ற வாய்ப்பை இது கூட்டும். ஏற்கெனவே கர்ப்பமா? நீங்களா நிறுத்தாம, அந்த வாரமே போங்க.

கமெண்ட்ல "என் பையனுக்கு எவ்வளவு கொடுக்கலாம்"னு கேக்காதீங்க. எடை தெரியாம டோஸ் சொல்ற சேனலை அன்சப்ஸ்கிரைப் பண்ணுங்க. இதை மட்டும் சப்ஸ்கிரைப் பண்ணுங்க.

(திரையில்: தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்த பொம்மை)

மருந்து எடுத்தும் வலிப்பு வந்துட்டா? சாவிக்கொத்து, இரும்புக் கம்பி எதையும் கையில திணிக்காதீங்க. இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமே இல்ல. வலிப்பு தானா ரெண்டு மூணு நிமிஷத்துல நிக்கறப்போ பேரை இரும்பு தட்டிட்டுப் போயிடுது. வாயில ஸ்பூன் வைக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க, மாத்திரையும் போடாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, கழுத்துப் பட்டனைத் தளர்த்தி, மணியைப் பாருங்க. 5 நிமிஷம் தாண்டினா, இல்ல நினைவு வராம அடுத்தது ஆரம்பிச்சா, 108. ஏறும்போது மருந்து பாட்டிலையும் சீட்டையும் கையோட எடுத்துக்கோங்க, கடைசியா எத்தனை மணிக்குக் கொடுத்தீங்கன்னும் சொல்லுங்க. வலிப்பை நிறுத்த அங்க போடற ஊசியும் மூச்சை மந்தமாக்கும். உள்ள ஏற்கெனவே எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சுதான் அவங்க அளவை முடிவு பண்ணணும்.