மலைப்பூண்டும் ஸ்டென்ட் மாத்திரையும்

நேயர்களுக்கு வணக்கம். கொடைக்கானல் மலையில் மருந்துச் சீட்டுகளைப் படித்துப் படித்தே நரைத்துப்போன மருந்தாளுநர் நான். மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்கிப் போய், அடைத்த இதயக் குழாயில் அதை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற கம்பிவலையை வைத்துக்கொண்டு மலையேறி வருபவர்களின் சீட்டில் பெரும்பாலும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் இருக்கும். இரண்டும் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறையாமல் தடுப்பவை. இன்று இரண்டாவதைப் பற்றிப் பேசவேண்டும்.

அதற்கு முன் பூண்டு. பூம்பாறைப் பக்கத்து ஆள் பூண்டை விட்டுவிட்டு எதைத்தான் பேசுவது? 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மலைப்பூண்டில் ஒரு பல்லை உரித்து முகர்ந்து பாருங்கள், பெரிதாக மணக்காது. அதையே அம்மியில் வைத்து நசுக்கினால் அடுப்படி முழுக்க மணக்கும். அல்லியின் என்ற மணமில்லாப் பொருளும் அதை மாற்றும் நொதியும் பல்லுக்குள் தனித்தனியே அடைபட்டிருக்கின்றன. நசுக்கும்போது இரண்டும் கலந்து அல்லிசின் உண்டாகிறது. மூக்கைத் துளைப்பது அதுதான். எங்கள் வீட்டில் நசுக்கிச் சிறிது நேரம் வைத்த பிறகே பூண்டு வாணலிக்குப் போகும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

குளோபிடோக்ரலும் நசுக்காத பூண்டுதான். விழுங்கியதும் அது மருந்தல்ல. கல்லீரல் நொதிகள் இரண்டு படிகளில் மாற்றிய பிறகே மருந்து. ஏறத்தாழ 85 சதவீதம் வேறு வழியில் பயனின்றிக் கழிந்துவிடும். மிச்சம்தான் தட்டணுவைப் பிடிக்கிறது. பிடித்தால், அந்தத் தட்டணு சாகும்வரை, அதாவது 7 முதல் 10 நாள்வரை, விடாது.

இதில் முக்கியமான நொதிக்கு சிஒய்பி2சி19 என்று பெயர். பெயரை மறந்துவிடலாம். சிலருக்கு அது பிறவியிலேயே மந்தம்; ஐரோப்பியர்களைவிட ஆசியர்களிடம் இது அதிகம். நொதி மந்தமானவர்கள் வேளை தவறாமல் விழுங்கினாலும் பலன் குறையும். 2010-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை மருந்தின் விவரத்தாளில் கட்டமிட்ட எச்சரிக்கையாகவே அச்சிட வைத்தது. நல்ல நொதி உள்ளவர்களோ அதைத் தாங்களே மந்தமாக்குகிறார்கள். குளிருக்கு நாலு காப்பி, அப்புறம் நெஞ்செரிச்சல், உடனே சீட்டில்லாமல் ஒமிப்ரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரை! அது இந்த நொதியைத் தடுக்கும். அதே வகையைச் சேர்ந்த பான்டோபிரசோல் அந்த அளவுக்குத் தடுக்காது. எதுவானாலும், ஸ்டென்ட் இருக்கிறது என்று கடைக்காரரிடம் முதலில் சொல்லுங்கள்.

"பூண்டே இரத்தத்தை இளக்குமே, மாத்திரை எதற்கு ஐயா?" என்று கேட்காதவர்கள் குறைவு. பூண்டுக்குத் தட்டணுவைச் சற்றுத் தடுக்கும் குணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஸ்டென்டின் உலோகக் கம்பிகள்மேல் குழாயின் உட்தோல் படர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் மாத்திரையை நிறுத்தினால் அங்கேயே இரத்தம் உறையலாம். பூண்டு அதைத் தடுத்துவிடாது. குழம்பில் தாராளமாகப் போடுங்கள். பூண்டுக் கேப்ஸ்யூலை மட்டும் டாக்டரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள், இரத்தக்கசிவு கூடலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்னொரு முறையும் சொல்கிறேன், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நேரமாகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். குளோபிடோக்ரலுக்குப் பதிலாகச் சிலருக்குத் தரும் டிகாக்ரலர் பற்றி ஒரே ஒரு வார்த்தை. அது கல்லீரல் மாற்றாமலே வேலை செய்யும். ஆனால் சிலருக்கு மூச்சு வாங்கும். மேடேறினால் வாங்கத்தானே செய்யும் என்று இங்கே பேசாமல் இருந்துவிடுவார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வாங்கினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். பல் பிடுங்குவதற்கு முன் என்ன செய்வது என்றும் எழுதி வைத்திருந்தேன்; அதற்கும் ஸ்டென்ட் வைத்த டாக்டரையே கேளுங்கள். வணக்கம்.