விஸ்கி கிளாஸ்ல ஒரு குமிழி... 8 லட்சம் வருஷக் கதை வெளிய வந்துச்சு!

[திரையில்: டம்ளர் தண்ணில கரையுற அண்டார்டிகா ஐஸ், ரொம்பக் கிட்டத்துல]

வணக்கம் மக்களே! ஹெட்போன் இருந்தா மாட்டிக்கோங்க. கேக்குதா? பொட்... பொட்... பொட். அந்த ஐஸுக்குள்ள அடைஞ்சு கிடந்த குமிழிங்க உடையற சத்தம் அது. உள்ள இருக்கறது, நம்ம பாட்டன் முப்பாட்டனுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி வீசின காத்து!

1965, அண்டார்டிகா, அடேலி லேண்ட். குளோட் லோரியுஸ்னு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி. ஐஸைத் துளை போட்டுட்டு வந்து, சகாக்களோட உக்காந்து விஸ்கில ஒரு துண்டு போடறாரு. ஆழத்துலேர்ந்து எடுத்த பழைய ஐஸ். குமிழி குமிழியா வெடிக்குது. எல்லாரும் கிளாஸைப் பாத்தாங்க, இவரு குமிழியைப் பாத்தாரு. 'இது அந்தக் காலத்துக் காத்தாச்சே, இதை அளந்தா என்ன?'

[ஓரத்தில்: மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு]

காத்து எப்படி உள்ள போச்சு? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், கொஞ்சம் நிதானமா வாங்க.

புது இலவம்பஞ்சு மெத்தை எப்படி இருக்கும்? புசுபுசுன்னு, உள்ள முழுக்கக் காத்து. புதுசா விழற பனியும் அப்படித்தான். அது மேல அடுத்த வருஷப் பனி, அதுக்கு மேல இன்னொண்ணு. பாரம் ஏற ஏற அமுங்கி, சுமார் 100 மீட்டர் ஆழத்துல இடுக்கெல்லாம் மூடிக்குது. காத்து உள்ள மாட்டிக்கும். இன்னும் கீழ போனா அழுத்தம் கூடி, குமிழி கோலி சோடா மாதிரி இறுகிடும். அதான் கரையறப்ப அந்தச் சத்தம்.

அதுக்கும் கீழ? குமிழியே காணாமப் போயிடும்! ஐஸ் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். காத்து எங்கயும் போகல. தண்ணி மூலக்கூறுங்க சுத்திக் கூண்டு கட்டி, அதை உள்ள வச்சுக்குது. மேல கொண்டுவந்து வச்சீங்கன்னா, நாள் ஆக ஆக மறுபடி குமிழி தலைகாட்டும். நான் இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி தூங்கவே இல்ல.

அப்புறம் நடந்தது: 1987-ல அண்டார்டிகாவுல ரஷ்யர்களோட வோஸ்டாக் நிலையத்து ஐஸ்ல, 1,60,000 வருஷத்துக் காத்தோட கணக்கு வந்துச்சு. அடுத்து அதே அண்டார்டிகாவுல டோம் சி-ங்கற இடம், 3 கிலோமீட்டருக்கு மேல ஆழம், 8 லட்சம் வருஷம்.

அந்த 8 லட்சம் வருஷத்துல, 10 லட்சம் பங்கு காத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 300 பங்கைத் தாண்டினதே இல்ல. இன்னிக்கு 420-க்கும் மேல.

"காலநிலை எப்பவும் மாறிக்கிட்டுதானே இருந்துச்சு"ன்னு கமென்ட் வரும், தெரியும். ஆமா, மாறுச்சு. கடைசிப் பனியுகம் முடிஞ்சப்ப கார்பன் டை ஆக்சைடு சுமார் 80 பங்கு ஏறுச்சு, அதுக்குப் பல ஆயிரம் வருஷம் பிடிச்சுச்சு. நாம 1958-லேர்ந்து இன்னிக்குள்ள 100 பங்குக்கு மேல ஏத்திட்டோம். இது யாரோட ஊகமும் இல்லீங்க. அந்தக் காத்தையே ஐஸை நொறுக்கி வெளிய எடுத்து அளந்திருக்காங்க.

இப்ப சூடான செய்தி. 2025 ஜனவரில, ஐரோப்பியக் குழு ஒண்ணு, டோம் சி பக்கத்துல இருக்கற லிட்டில் டோம் சி-ல 2,800 மீட்டர் துளைச்சு அடிப்பாறையைத் தொட்டுட்டாங்க. 12 லட்சம் வருஷத்துக்கும் மேல பழைய ஐஸ்! மைனஸ் 50 டிகிரில வச்சுக் கப்பல்ல ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனாங்க. ஏன் இவ்வளவு பாடு? ஒரு காலத்துல சுமார் 41,000 வருஷத்துக்கு ஒரு தடவை வந்துட்டிருந்த பனியுகம், அப்புறம் சுமார் 1 லட்சம் வருஷத்துக்கு ஒரு தடவைன்னு மாறிடுச்சு. அந்த மாத்தம் நடந்த காலத்துக் காத்து இந்த ஐஸ்ல இருக்கு.

உங்களுக்கு ஒரு வேலை. வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒரு ஐஸ் கட்டி எடுத்து வெளிச்சத்துல பிடிங்க. நடுவுல வெள்ளையாத் தெரியுதுல்ல? அதுவும் மாட்டிக்கிட்ட காத்துதான், நம்ம காலத்துக் காத்து. போட்டோ எடுத்துக் கமென்ட்ல போடுங்க, ஒண்ணு விடாமப் பாப்பேன்.