அவருக்கு 9,000 நாள், இவருக்கு 5 நாள்: தப்பு செய்த அரசு வழக்கறிஞரை யார் கேட்பது?

(திரை கறுப்பு. வெள்ளை எழுத்தில் இரண்டு எண்கள் மட்டும்: இடப்பக்கம் 9,000, வலப்பக்கம் 5)

இடது பக்கம் இருப்பது, செய்யாத கொலைக்காக ஒருவர் சிறையில் கழித்த நாட்கள். கிட்டத்தட்ட ஒன்பதாயிரம். வலது பக்கம் இருப்பது, அவரை உள்ளே அனுப்பிய அரசு வழக்கறிஞர் அதே வழக்கில் நடந்துகொண்ட விதத்துக்காகச் சிறையில் இருந்த நாட்கள். ஐந்து.

வகுத்துப் பார்த்தேன். அவருடைய ஒவ்வொரு 1,800 நாளுக்கும் இவருக்கு ஒரு நாள்.

கோபம் வருகிறதா? எனக்கும் வந்தது. ஆனால் இந்த வழக்கைத் தோண்டத் தோண்ட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேறொரு விஷயம். அந்த ஐந்து நாள்கூட மயிரிழையில்தான் கிடைத்தது. 1987-ல் ஒரு நீதிபதி ஒரு கேள்வி கேட்காமல் இருந்திருந்தால் அதுவும் இல்லை. அந்தக் கேள்வி என்ன என்று சொல்கிறேன், கடைசி வரை பாருங்கள்.

(தலைப்பு இசை)

1986 ஆகஸ்ட் 13. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டின் நகரத்தை ஒட்டிய வில்லியம்சன் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி). மைக்கேல் மார்ட்டன், ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மேலாளர். முந்தைய நாள்தான் அவருடைய 32-வது பிறந்தநாள். மனைவி கிறிஸ்டீனோடும் மூன்று வயது மகனோடும் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் கிறிஸ்டீன் தூங்கிவிட்டார். இவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். அதை ஒரு சீட்டில் எழுதிக் குளியலறையில் வைத்துவிட்டு, விடியற்காலை ஐந்தரை மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டார். சீட்டை 'ஐ லவ் யூ' என்றுதான் முடித்திருந்தார்.

அன்று கிறிஸ்டீன் படுக்கையிலேயே அடித்துக் கொல்லப்பட்டுக் கிடந்தார்.

அந்தச் சீட்டுதான் அரசுத் தரப்பின் துருப்புச் சீட்டு. பிறந்தநாள் இரவில் மனைவி ஒத்துக்கொள்ளாத ஆத்திரத்தில் கணவன் கொன்றுவிட்டான், இதுதான் வழக்கு. கொலை ஆயுதம் கிடைக்கவில்லை. 1987 பிப்ரவரியில் ஆயுள் தண்டனை.

வழக்கை நடத்தியவர் கென் ஆண்டர்சன். நம் ஊரில் பி.பி. என்றால் அரசு நியமிக்கிறவர். டெக்சாஸில் கவுண்டியின் தலைமை அரசு வழக்கறிஞர் தேர்தலில் நின்று ஓட்டு வாங்கி வருகிறவர். எத்தனை பேரை உள்ளே தள்ளினார் என்பது அடுத்த தேர்தலில் அவருக்குக் கைகொடுக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது போலீஸ் கோப்பைத் திறக்கலாம். இந்த இடத்தில் நான் மெதுவாகத்தான் போகப்போகிறேன்.

(திரையில்: தட்டச்சு செய்த தாள்கள், ஒவ்வொன்றாக)

கொலை நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கிறிஸ்டீனின் அம்மா, விசாரணை அதிகாரியிடம் போனில் பேசுகிறார். பேரன் தன்னோடு தனியாக இருந்தபோது போர்வையைத் தரையில் விரித்தானாம். அதைக் காலால் உதைத்து, "அம்மா, எழுந்திரு" என்றானாம். பாட்டி மெல்லப் பேச்சுக் கொடுக்கிறார். அம்மா அழுதாள், ஒரு பூதம் வந்தது, அம்மாவை அடித்தது, கட்டிலை உடைத்தது என்று சொல்கிறான். அப்பா எங்கே இருந்தார் என்று கேட்கிறார் பாட்டி. அப்பா இல்லை, அம்மாவும் நானும்தான் இருந்தோம் என்கிறான்.

மூன்று வயதுப் பிள்ளை, நேரில் பார்த்தவன். இறந்துபோனவளின் தாயே மருமகன் மீதான சந்தேகத்தை விட்டுவிட்டு அந்தப் பூதத்தைத் தேடுங்கள் என்று அதிகாரியிடம் சொல்கிறார். அந்தப் பேச்சு முழுவதும் தட்டச்சு செய்யப்பட்டுக் கோப்பில் இருந்தது.

அதோடு முடியவில்லை. வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு பச்சை வேனை அடிக்கடி நிறுத்திவிட்டு, ஒரு ஆள் புதர்ப் பக்கம் இறங்கிப் போவதைப் பார்த்ததாக அக்கம்பக்கத்தார் சொன்னது கோப்பில் இருந்தது. கிறிஸ்டீனின் காணாமல் போன கிரெடிட் கார்டு சான் அன்டோனியோவில் ஒரு கடையில் சிக்கியிருக்கலாம் என்ற குறிப்பும் இருந்தது.  இதில் ஒரு தாள்கூட மைக்கேலின் வக்கீல்கள் கைக்குப் போய்ச் சேரவில்லை.

இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அமெரிக்காவில் 1963-லேயே முடிவான சட்டம். பிராடி எதிர் மேரிலாந்து என்ற வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரம் அரசுத் தரப்பிடம் இருந்தால், எதிர்த்தரப்பு கேட்டும் அதை மறைப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம். பிராடி என்ற பெயரைக் கேள்விப்படாத கிரிமினல் வக்கீல் அங்கே இருக்கவே முடியாது.

அப்புறம் நான் சொன்ன அந்தக் கேள்வி. விசாரணையின்போது மைக்கேலின் வக்கீல்களுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. வழக்கை முழுக்க விசாரித்த அதிகாரியை அரசுத் தரப்பு சாட்சிக் கூண்டிலேயே ஏற்றவில்லை. ஏன்? அவருடைய குறிப்பில் ஏதோ இருக்கிறது என்று நீதிபதியிடம் முறையிட்டார்கள். அந்த அதிகாரியின் அறிக்கைகளைத் தன்னிடம் தரச் சொன்னார் நீதிபதி. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாக ஏதாவது இருக்கிறதா என்று ஆண்டர்சனைக் கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. நீதிபதியிடம் போனவை ஒரு சில பக்கங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு உறையில் போட்டு ஒட்டி வைத்துவிட்டார்கள்.

2011-ல் அந்த உறையைப் பிரித்தபோது, பாட்டியின் பேச்சு அதில் இல்லை.

(ஐந்து விநாடி மௌனம். திரையில் பழைய உறை ஒன்று)

நடுவில் இருந்த இருபத்தைந்து வருஷத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். மகன் உறவினர் வீட்டில் வளர்ந்தான், பதின்ம வயதில் அப்பாவைப் பார்க்க வருவதை நிறுத்தினான். குற்றத்தை ஒப்புக்கொண்டு வருந்தினால் பரோலுக்கு வழி பிறக்கும் என்று தெரிந்தும் மைக்கேல் ஒப்புக்கொள்ளவில்லை. தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்காகப் போராடும் இன்னசன்ஸ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பும் ஹூஸ்டன் வக்கீல் ஜான் ரேலியும் காசு வாங்காமல் வழக்கை எடுத்தார்கள். நம் ஊர் ஆர்.டி.ஐ. மாதிரியான ஒரு சட்டத்தில் விண்ணப்பம் போட்டுத்தான் அந்தத் தாள்களைப் பிடித்தார்கள். வீட்டிலிருந்து நூறு கஜ தூரத்தில் ஒரு நீலக் கைக்குட்டை கிடந்தது. தலையில் கட்டுவார்களே, அந்த வகை. போலீஸ் கண்ணில் படாத அதைக் கண்டெடுத்தது கிறிஸ்டீனின் அண்ணன்தம்பிகளில் ஒருவர். அதை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பக் கூடாது என்று ஆண்டர்சனுக்கு அடுத்து அந்தப் பதவிக்கு வந்தவர் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார். 2011-ல் சோதித்தார்கள். கிறிஸ்டீனின் ரத்தமும், மார்க் ஆலன் நார்வுட் என்பவரின் டிஎன்ஏவும் இருந்தன. 2011 அக்டோபர் 4-ஆம் தேதி மைக்கேல் வெளியே வந்தார். 2013-ல் நார்வுட்டுக்கு ஆயுள் தண்டனை.

இன்னும் ஒன்று. இதைச் சொல்லாமல் நகர எனக்கு மனசில்லை. மைக்கேல் சிறைக்குப் போய் பதினோரு மாதத்தில், 1988 ஜனவரியில், ஆஸ்டினில் இன்னொரு பெண் அதே போலப் படுக்கையில் அடித்துக் கொல்லப்பட்டார். அதைச் செய்ததும் நார்வுட்தான் என்று 2016-ல் தீர்ப்பானது. அந்தப் பச்சை வேனின் பின்னால் யாராவது போயிருந்தால்?

(திரையில்: மூன்று கதவுகள்)

சரி, ஆண்டர்சனை யார் கேட்பது? மூன்று கதவு இருக்கிறது.

முதல் கதவு, நஷ்டஈடு கேட்டு அவர் மேலேயே வழக்கு. இது மூடியே கிடக்கிறது. 1976-ல் இம்ப்ளர் எதிர் பாக்ட்மன் தீர்ப்பில், நீதிமன்றத்தில் வழக்கு நடத்தும்போது அரசு வழக்கறிஞர் செய்ததற்காக அவர் மீது நஷ்டஈடு வழக்கே போட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முழுப் பாதுகாப்பு. அவரை விட்டு அலுவலகத்தைப் பிடிக்கலாம் என்றால் அதுவும் லேசில்லை. நியூ ஆர்லியன்ஸில் ஜான் தாம்ப்சன் என்பவர் 14 வருஷம் மரண தண்டனைக் கைதியாக இருந்தார். மறைத்து வைத்த ரத்தப் பரிசோதனை முடிவு வெளிவந்து விடுதலையானார். ஜூரி அவருக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்தது, வருஷத்துக்குப் பத்து லட்சம் கணக்கு. 2011-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. அதில் ஒரு டாலர் வரவில்லை.

இரண்டாவது, வக்கீல் உரிமத்தைப் பறிப்பது. நம் பார் கவுன்சில் மாதிரி அங்கே டெக்சாஸ் மாநில பார். முதல் கதவை மூடும்போது உச்ச நீதிமன்றமே கைகாட்டிய வழிகளில் இதுவும் ஒன்று. ஆனால் புகாருக்குக் கெடு நான்கு ஆண்டு. மறைத்த விஷயம் என்றால், தெரியவந்த நாளிலிருந்து நான்கு ஆண்டு.

நியாயமாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விஷயம் தெரியவரும் அன்று பாதிக்கப்பட்டவர் எங்கே இருக்கிறார்? சிறையில். தெரிந்ததும் கதவு திறந்துவிடாது. மேல்முறையீடு, மறுவிசாரணை என்று ஆறு வருஷம், பத்து வருஷம் போகும். தூக்கு மேடைப் பக்கம் நிற்கிறவன் தன் உயிருக்குப் போராடுவானா, பாருக்குப் புகார் எழுதுவானா? அவன் உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் வெளியே இருக்கிற அரசு வழக்கறிஞருக்குக் கெடு கழிந்துகொண்டே இருக்கிறது. ஒருவனை எவ்வளவு நாள் உள்ளே வைத்திருக்கிறாரோ, அவ்வளவு பத்திரம் அவருக்கு. இந்தக் கணக்கு எனக்குப் புரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்றாவது, கிரிமினல் வழக்கு. இந்தக் கதவைத் திறந்தது அந்த 1987 கேள்விதான். டெக்சாஸில் விசாரணை மன்றம் என்று அபூர்வமான ஒரு நடைமுறை உண்டு, குற்றம் நடந்ததா என்று ஒரு நீதிபதியே விசாரிப்பது. 2013 பிப்ரவரியில் அது கூடியது. ஆண்டர்சன் அப்போது நீதிபதி. 1995-ல் மாநில பாரிடம் அந்த ஆண்டின் சிறந்த பிராசிக்யூட்டர் விருது வாங்கியவர். தான் தவறு எதுவும் செய்யவில்லை என்றார். காலம் கடந்துவிட்டது என்பதும் அவர் தரப்பு வாதம், பார்த்தீர்களா! ஆனால் 1987-ல் அந்த நீதிபதி கேட்டதும் இவர் சொன்னதும் பதிவில் இருந்தன. விசாரணை நடத்திய நீதிபதி லூயிஸ் ஸ்டர்ன்ஸ் வழக்கு தொடர முகாந்திரம் இருக்கிறது என்றார்.

அந்த மன்றத்தில் மைக்கேல் மார்ட்டனும் சாட்சி சொன்னார். செய்ய வேண்டியதைச் செய்யுங்கள், ஆனால் ஆண்டர்சனிடம் மென்மையாக நடந்துகொள்ளுங்கள் என்று நீதிபதியிடம் கேட்டுக்கொண்டார். இதைப் படித்துவிட்டு நான் ஸ்கிரிப்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

நவம்பரில் ஆண்டர்சன் நீதிமன்ற அவமதிப்புக் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை. ஆதாரத்தை மறைத்த குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. 10 நாள் சிறை, 500 டாலர் அபராதம், 500 மணி நேரம் சமூக சேவை. நீதிபதி பதவி போனது, வக்கீல் உரிமமும் போனது. நன்னடத்தைக் கழிவு போக ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். தன் பொறுப்பில் இருந்த ஒரு கொலை வழக்குக்கு இது போதும் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் கருத்தைக் கமெண்டில் எழுதுங்கள், நான் எல்லாவற்றையும் படிக்கிறேன்.

(இசை மாறுகிறது)

அதே 2013-ல் டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு சட்டம் போட்டது. ஒன்று எல்லோருக்கும் தெரியும், மைக்கேல் மார்ட்டன் சட்டம். கோப்பைத் திறந்து காட்டு, எதை எதைக் கொடுத்தாய் என்று பதிவு செய், தீர்ப்புக்குப் பிறகு ஏதாவது கிடைத்தாலும் கொடு. இன்னொன்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரியது. அரசு வழக்கறிஞர் மீதான புகாருக்கு நான்கு ஆண்டுக் கெடு இனி, தவறாகத் தண்டிக்கப்பட்டவர் சிறையிலிருந்து வெளியே வரும் நாளில்தான் தொடங்கும். அந்தப் பாழாய்ப்போன கணக்கு தலைகீழாக மாறியது.

அது வேலை செய்ததா? ஆன்டனி கிரேவ்ஸ். அதே டெக்சாஸ். ஆறு பேர் கொல்லப்பட்ட வழக்கில் 1994-ல் மரண தண்டனை. அந்தக் கொலையைத் தனியாகச் செய்தது நான்தான் என்று உண்மைக் குற்றவாளியே சாட்சி சொல்வதற்கு முந்தைய இரவு அரசு வழக்கறிஞர் சார்ல்ஸ் செபெஸ்டாவிடம் சொல்லியிருந்தார். அது எதிர்த்தரப்புக்குப் போகவில்லை. கிரேவ்ஸ் 18 வருஷம் உள்ளே இருந்தார். செபெஸ்டா மீது முன்னால் வந்த ஒரு புகாரை மாநில பார் 2007-ல் தள்ளிவிட்டது. அதையே தனக்கு நற்சான்றாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிரேவ்ஸ் வெளியே வந்தது 2010 அக்டோபர். புதுச் சட்டம் வந்தது 2013. கிரேவ்ஸ் புகார் கொடுத்தது 2014 ஜனவரி. கெடு முடிய ஒன்பது மாதம் பாக்கி.

2015 ஜூனில் செபெஸ்டாவின் வக்கீல் உரிமம் பறிக்கப்பட்டது. 2007-ல் முடிந்துபோன விஷயத்தை மறுபடி கிளறக் கூடாது என்று அப்பீல் போனார். 2016 பிப்ரவரியில் அதுவும் தள்ளுபடி.