கேம்ல மியூசிக் எப்ப மாறணும், எப்ப மாறக்கூடாது?

வணக்கம் மக்களே. இன்னைக்கு நேரா விஷயத்துக்குப் போயிடலாம்.

2010-ல வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் விளையாடினவங்க யாரைக் கேட்டாலும் ஒரு இடத்தைக் கண்டிப்பா சொல்லுவாங்க. கேமோட ஹீரோ ஜான் மார்ஸ்டன் ஆத்தைத் தாண்டி மெக்சிகோ போய்ச் சேர்ந்து, குதிரையை ஓட்ட ஆரம்பிச்சதும் ஹோசே கொன்சாலஸ் குரல்ல ஒரு பாட்டு வரும். நல்ல பாட்டுதான், மறுக்கல. ஆனா அதே பாட்டைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போட்டிருந்தா யாரும் இன்னைக்குப் பேசிட்டிருக்க மாட்டாங்க. அதுக்கு முன்னாடி அத்தனை மணி நேரமா மியூசிக் எப்படி நடந்துக்கிச்சுங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

அந்த கேமுக்கு இசை பில் எல்மும் வுடி ஜாக்சனும். கேமுக்குள்ள ஓடுற இசையை ஏ மைனர், 130 பிபிஎம் (நிமிஷத்துக்கு 130 பீட்)னு ஒரே ஸ்கேல், ஒரே வேகத்துல ரெக்கார்டு பண்ணாங்க. கிடார் தனி, பேஸ் தனி, டிரம்ஸ் தனின்னு ஸ்டெம் ஸ்டெம்மா, அதாவது வாத்தியத்துக்கு ஒரு ஃபைலா. எல்லாம் ஒரே கணக்குல இருக்கறதால எதை எதோட சேர்த்தாலும் ஒட்டும். சும்மா சுத்தும்போது ரெண்டு கம்பி தட்டுற சத்தம் மட்டும், துப்பாக்கி சத்தம் கேட்டா டிரம்ஸ் உள்ள வரும், அடங்கினா விலகிடும். இப்படியே போகப் போக, "நான் என்ன பண்றேனோ அதுக்குப் பின்னாடிதான் மியூசிக் வருது"ன்னு நம்ம காது பழகிடுது. மெக்சிகோவுல அந்தப் பழக்கத்தை உடைக்கிறாங்க. நீங்க ஒண்ணுமே பண்ணல, வெறுமனே குதிரை ஓட்டுறீங்க, ஆனா வரிகளோட, குரலோட ஒரு முழுப் பாட்டு வருது. அதனாலதான் அங்க கன்ட்ரோலரைப் பிடிச்சிருக்கிற கை கொஞ்சம் தளருது.

இந்த வித்தை புதுசு ஒண்ணும் இல்ல. 1991-ல லூகாஸ்ஆர்ட்ஸ் கம்பெனியில மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் சேர்ந்து ஐமியூஸ்னு ஒரு சிஸ்டம் பண்ணி, மங்கி ஐலண்ட் 2 கேம்ல போட்டாங்க. வுட்டிக்னு ஒரு ஊர் வரும். ஒவ்வொரு கடைக்குள்ள நுழையும்போதும் ஊரோட டியூன் அறுந்து போகாம, அந்தக் கடைக்குன்னு இருக்கிற வாத்தியத்துக்கு வழுக்கிட்டுப் போகும். வெளிய வந்தா மறுபடி பழைய டியூன்ல போய் ஒட்டிக்கும். அப்ப இசை மிடிங்கிற வடிவத்துல இருந்துச்சு, அதாவது ரெக்கார்டிங் இல்ல, எந்த நோட்டை எப்ப வாசிக்கணும்ங்கிற தகவல் மட்டும். அதனால நடுவுல எங்க வேணாலும் தாவ முடிஞ்சுது. அப்புறம் சிடி வந்துச்சு. சத்தம் அருமையா ஆயிடுச்சு, ஆனா ஒரு டிராக்ல இருந்து இன்னொண்ணுக்குப் போக டிரைவ் தேடுற நேரத்துல மியூசிக் அறுந்துரும். முன்னேத்தம்னு சொல்லிக்கிட்டே கொஞ்சம் பின்னாடி போன காலம் அது.

சரி, கையில செஞ்சு பாக்கலாம். ஸ்கிரீன்ல எஃப்மாட் ஸ்டூடியோ திறந்திருக்கேன், கேமுக்குள்ள சத்தத்தை அடுக்கி இயக்குற சாஃப்ட்வேர். இதே வேலைக்கு வைஸ்ங்கிற சாஃப்ட்வேரை யூஸ் பண்றவங்களுக்கும் யோசனை ஒண்ணுதான், பட்டன் பேர்தான் வேற.

ஒரு ஈவென்ட், அதுக்குள்ள மூணு டிராக். முதல்ல பேட், அதாவது நீளமா இழுக்கிற அடித்தளம். ரெண்டாவது பேஸும் மெல்லிசான தாளமும். மூணாவது முழு டிரம்ஸ், பித்தளை வாத்தியம். வேகம் 120, நாலு பீட் ஒரு பார், மொத்தம் 16 பார், அதாவது 32 செகண்ட். இது திரும்பத் திரும்ப ஓட, மேல லூப் ரீஜன் போட்டாச்சு. இப்ப "பதட்டம்"னு ஒரு பாராமீட்டர், அதாவது கேம் ஏத்தி இறக்குற ஒரு எண், 0-ல இருந்து 1 வரைக்கும். ரெண்டாவது டிராக்கோட வால்யூம் 0.2-ல ஏற ஆரம்பிச்சு 0.4-ல முழுசாகும். மூணாவது 0.6-ல இருந்து 0.8. கவனிங்க, மூணு டிராக்கும் எப்பவுமே ஓடிக்கிட்டுதான் இருக்கு. வேண்டாத நேரத்துல வால்யூம்தான் பூஜ்யம்.

நிறைய பேர் சறுக்குறது இங்கதான். யூனிட்டிங்கிற கேம் இன்ஜின்ல மூணு ஆடியோ சோர்ஸ் வச்சு, எதிரி வந்ததும் மூணாவதை பிளே பண்ணுவாங்க. ஒரு 30 மில்லிசெகண்ட் தள்ளி ஆரம்பிச்சாலே டிரம் அடி "தட்"னு விழாம "தடட்"னு ரெட்டையா விழும். எஃப்மாட் இல்லாம பண்ணணும்னா டிஎஸ்பி டைமை, அதாவது ஆடியோவோட சொந்தக் கடிகாரத்தை எடுத்து, பிளே ஷெட்யூல்டுங்கிற கட்டளையில மூணையும் ஒரே நொடிக்குக் குறிச்சுக் கிளப்புங்க. நீளமும் ஒண்ணா இருக்கணும். 48 கிலோஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 48,000 சாம்பிள் (சத்தத்தோட ஒரு துளி அளவு), 120 வேகத்துல ஒரு பார் சரியா 96,000 சாம்பிள், 16 பாருக்கு 15,36,000. கண்ணால பாத்து வெட்டி ஒரு ஸ்டெம் 480 சாம்பிள் கூடுதலா போச்சுன்னா அது 10 மில்லிசெகண்ட்தான், ஆனா தனித்தனியா லூப் ஆகும்போது பத்தாவது சுத்துல 100 ஆயிடும். அப்புறம் எம்பி3 வேண்டவே வேண்டாம். ஃபைல் தலையில கொஞ்சம் சத்தமில்லாத இடைவெளியை அதுவா சேர்த்துடும், லூப் திரும்புற இடத்துல விக்கும். வேவ் கொடுங்க, சுருக்குற வேலையை இன்ஜின் பாத்துக்கும்.

ரிவர்ப் வால் இன்னொரு தொல்லை. கடைசி பாரோட எதிரொலி அடுத்த சுத்தோட முதல் பார்ல கேக்கணும். அதனால லூப்பை ரெண்டு தடவை அடுத்தடுத்து ரெண்டர் பண்ணி, ரெண்டாவது சுத்தை மட்டும் வெட்டி எடுங்க. மிக்ஸ் பண்றப்ப மூணு லேயரும் ஓடட்டும். ஒவ்வொண்ணையும் தனியா லிமிட்டர்ல (உச்ச சத்தத்தை அமுக்குற கருவி) சத்தமாக்கி வச்சா, மூணும் சேரும்போது வெடிச்சுரும்.

இப்ப எப்ப மாறணும்? வேற பாட்டுக்கே தாவுறதா இருந்தா, எட்டு பார் முடியட்டும்னு காத்திருந்தா 16 செகண்ட் வரைக்கும் ஆகலாம். அதுக்குள்ள எதிரி செத்தே போயிருப்பான். அதனால சண்டைக்குள்ள நுழையறது அடுத்த பீட்லயே, அரை செகண்டுக்குள்ள. அந்த அவசரம் காதுக்கு உறுத்தாம இருக்க, எதிரி நம்மளைக் கண்டுபிடிச்ச அந்தக் கணமே மேல ஒரு சிம்பல் அடி, ஸ்டிங்கர்னு சொல்லுவாங்க. வெளிய வர்றதுக்கு அவசரமே இல்ல, நாலு பார் முடியட்டும்.

அதைவிட முக்கியம், எல்லைக் கோடு. எதிரி 15 மீட்டர்ல வந்தா சண்டை இசை, 15-ஐத் தாண்டினா அமைதின்னு வச்சீங்கன்னா, பிளேயர் அந்தக் கோட்டுலயே நின்னு ஆடுவார், மியூசிக் குழாய்த் தண்ணி மாதிரி வந்து வந்து நிக்கும். உள்ள நுழைய 15, வெளிய போக 25, அதுக்கு மேல ஒரு ஆறு செகண்ட் டைமர். பாராமீட்டர்ல சீக் ஸ்பீடு இருக்கு பாருங்க, அதை செகண்டுக்கு 0.5-னு வச்சா 0-ல இருந்து 1-க்கு வர ரெண்டு செகண்ட் எடுக்கும், திடுக்குனு குதிக்காது.

இதெல்லாம் பிளம்பிங் வேலை. கதை எங்கன்னு கேப்பீங்க. 2015-ல வந்த அண்டர்டேல் பாருங்க, கதையிலிருந்து இசை வரைக்கும் டோபி ஃபாக்ஸ். விளையாடாதவங்க ஒரு நிமிஷம் தள்ளிவிட்டுக்கோங்க, கதை உடையப் போகுது. ஆரம்பத்துல டோரியல் கூட சண்டை போடும்போது வர்ற மெட்டு, கடைசிப் பக்கம் ராஜா அஸ்கோர் சண்டைக்குள்ளயும் ஒளிஞ்சிருக்கும். ரெண்டு பேரும் ஒரு காலத்துல புருஷன் பொண்டாட்டி. அந்த உறவை அங்க மெட்டே ஞாபகப்படுத்திடுது. இதை நீங்க பண்ணணும்னா மெட்டு சின்னதா இருக்கணும், முணுமுணுக்க முடியணும். முதல் தடவை ஒரே வாத்தியத்துல, மேல வசனம் எதுவும் ஓடாத இடத்துல கேக்க வைங்க. வசனத்துக்கு அடியில விதைச்ச மெட்டு முளைக்காது.

நம்ம ஊர் காதுக்குன்னா 2023-ல வந்த வெண்பாங்கிற கேம். கனடாவுல குடியேறின தமிழ்க் குடும்பம், கதை 1980-கள்ல ஆரம்பிக்கும். சமைக்கும்போது ரேடியோவுல பாட்டு ஓடும், வருஷம் நகர நகர பாட்டோட பாணியும் நகரும். லேயர் கணக்கெல்லாம் பெருசா தேவைப்படல. பாட்டு அந்த வீட்டுக்குள்ளயே கேக்குறதால, காலம் போயிடுச்சுன்னு தனியா வசனம் எழுத வேண்டியதில்ல.

கடைசியா டெஸ்டிங். சண்டை எல்லையில போய் நின்னு உள்ள வெளியன்னு பத்து தடவை நடந்து பாருங்க. அப்புறம் ஒரு புதிர் முன்னாடி கேரக்டரை நிறுத்திட்டு, பத்து நிமிஷம் வேற எதுவும் பண்ணாம கேளுங்க. 32 செகண்ட் லூப்னா கிட்டத்தட்ட 19 சுத்து. வால்யூமைக் குறைக்கணும்னு கை போச்சுன்னா, ரெண்டாவது சுத்து முடிஞ்சதும் தாளத்தை எடுங்க, நாலாவது சுத்துல மொத்தமா அடங்கட்டும், காத்து சத்தம் மட்டும் இருக்கட்டும். பிளேயர் புதிர்ல எதையாவது சரியா நகர்த்தினா, அப்ப பேடை மட்டும் திரும்ப உள்ள விடுங்க.