கப்பலுக்குள் ஒரு டவர்

நேயர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூருக்குச் சுற்றுலா போகிற நம் ஊர்க்காரர்கள் இப்போதெல்லாம் ஊரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. நான்கு நாள் ஊர், மூன்று இரவு கப்பல் என்று சேர்த்தே பேக்கேஜ் போடுகிறார்கள். மெரினா பே கப்பல் முனையத்தில் ஏறி, பினாங்கையும் புக்கெட்டையும் பார்த்துவிட்டு வரலாம். அறுபது, எழுபது வயது நிறைந்த அப்பா அம்மாவுக்குப் பிள்ளைகள் ஆசையாகக் கொடுக்கும் பரிசாக இது ஆகிவிட்டது.

எங்கள் அக்காவும் அப்படித்தான் போனாள். கும்பகோணத்தில் முப்பது வருஷம் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். பெங்களூரில் இருக்கும் மகன் டிக்கெட் எடுத்து, அம்மாவைத் தன் மாமியார் மாமனாரோடு சேர்த்து அனுப்பிவைத்தான். சந்தோஷமாகப் போய்வந்தாள். ஊர் திரும்பி இரண்டு வாரம் கழித்து எனக்குப் போன் செய்தாள். "தம்பி, ஒரு பில் வந்திருக்குடா. கொஞ்சம் வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். அவளுடைய மாத ஓய்வூதியத்தில் பாதிக்கு மேல் இருந்தது தொகை. மகனிடம் சொல்லவில்லை. "ஆசை ஆசையா அனுப்பிவெச்சான், அவன்கிட்ட இதை எப்படிடா சொல்றது?" என்றாள். அப்புறம் அவள் சொன்னதுதான் என் மனத்தில் தைத்தது. "நான் கப்பல்ல போனைத் தொடவே இல்லையேடா. கைப்பையிலதானே இருந்துச்சு."

தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பில்லை வரி வரியாகப் பார்த்தேன். அவள் சொன்னது ஏறக்குறைய உண்மை. ஒரே ஒரு அழைப்பை எடுத்திருக்கிறாள். எதிர்வீட்டு அம்மா, மோட்டார் அறைச் சாவி எங்கே என்று கேட்டிருக்கிறார். நான்கு நிமிஷம். மற்றதெல்லாம் டேட்டா. கைப்பைக்குள் இருந்தபடியே போன் தானாகப் படங்களை மேலே ஏற்றியிருக்கிறது, செயலிகளைப் புதுப்பிக்கப் பார்த்திருக்கிறது, வாட்ஸ்அப் குழுக்களில் வந்த காலை வணக்கப் படங்களை ஒன்றுவிடாமல் இறக்கியிருக்கிறது. சிங்கப்பூரில் அவள் போன் வேலை செய்வதற்கு ரோமிங் பேக் போட்டுக் கொடுத்தவர்கள், வெளிநாட்டு நெட்வொர்க்கில் டேட்டா ஓட விடும் டேட்டா ரோமிங்கை ஆன் செய்துவிட்டிருந்தார்கள். ஊருக்குள் இருந்தவரை அதுதான் சரி. கப்பல் ஏறும்போது அதை ஆஃப் செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

இதில் விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்றுதான். நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் பெரிய பயணக் கப்பல்கள் பலவற்றில் கப்பலுக்குள்ளேயே டவர் இருக்கிறது. நம் தெருமுனையில் நிற்கும் உயரமான டவர் இல்லை. தாழ்வாரங்களிலும் தளங்களிலும் பொருத்திய சின்னச் சின்னப் பெட்டிகள். அவற்றில் சேரும் பேச்சும் டேட்டாவும் கப்பலின் உச்சியில் இருக்கும் கோளவடிவ மூடிக்குள் உள்ள ஆண்டெனா வழியாகச் செயற்கைக்கோளுக்குப் போய், அங்கிருந்து தரைக்கு இறங்குகின்றன. பழைய முறைச் செயற்கைக்கோள் என்றால் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரம். எதிர்வீட்டு அம்மா கேட்ட அந்தச் சாவிக் கேள்வி அவ்வளவு தூரம் ஏறி இறங்கித்தான் அக்காவின் காதுக்கு வந்திருக்கும். விலையும் அதற்கேற்றாற்போல்தான்.

அந்த டவர் எந்த நாட்டைச் சேர்ந்தது? எந்த நாட்டையும் சேர்ந்ததில்லை. கைபேசி உலகத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்று இலக்க எண் உண்டு. இந்தியாவுக்கு 404, 405. சிங்கப்பூருக்கு 525, மலேசியாவுக்கு 502. கப்பல் டவர்கள் பெரும்பாலும் 901 என்ற எண்ணில் வரும். அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பொது எண். நீங்கள் "சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து பேக்" என்று வாங்கியிருப்பீர்கள். அந்த மூன்று நாட்டுப் பட்டியலில் 901 இருக்காது. பேக் இருக்கிறது என்ற தைரியத்தில் நீங்கள் இருப்பீர்கள், கணக்கு மட்டும் பேக்குக்கு வெளியே ஓடும். திரையின் மேல் மூலையில் "செல்லுலர் அட் சீ", "டெலினார் மாரிடைம்" என்றோ, வெறுமனே 901 என்று தொடங்கும் எண்ணோ தெரிந்தால், நீங்கள் இருப்பது கப்பல் டவரில்.

எப்போது அது விழித்துக்கொள்ளும்? துறைமுகத்தில் நிற்கும்போது பொதுவாக அதை அணைத்து வைத்திருப்பார்கள். கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை அந்தந்த நாட்டின் கடல் எல்லை. அதைத் தாண்டிய பிறகு பெரும்பாலும் கப்பல் டவர்தான். சிங்கப்பூர்ப் பயணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கப்பல் போவது மலாக்கா நீரிணை வழியாக. ஒரு பக்கம் மலேசியா, இன்னொரு பக்கம் இந்தோனேசியாவின் சுமத்ரா. சிங்கப்பூருக்குப் பக்கத்தில் பிலிப் கால்வாய் என்ற இடத்தில் வழி மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே உங்கள் போன் எந்தக் கரையின் டவரைப் பிடிக்கும் என்று சொல்லவே முடியாது. உங்கள் பேக்கில் இந்தோனேசியா இருக்கிறதா? பலர் வாங்கும் பேக்கில் இருக்காது. அப்புறம் நீரிணை வடக்கே அகன்று விரியும்போது கப்பல் டவர் வந்து பிடித்துக்கொள்ளும்.

தனுஷ்கோடிக்குப் போனவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே நிற்கும்போதே போனில் இலங்கை நெட்வொர்க்கின் பெயர் வந்துவிடுகிறது. கரையில் நிற்கும்போதே அப்படியென்றால் ஓடுகிற கப்பலில் கேட்க வேண்டுமா?

என்ன செய்யலாம் என்றால், மிகச் சுலபம். கப்பல் கயிறு அவிழ்ப்பதற்கு முன்னால் போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். விமானத்தில் போடுவோமே, அதே பொத்தான்தான். அதன் பிறகு வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்துகொள்ளுங்கள். ஃப்ளைட் மோடில் வைஃபை வேலை செய்யும். இது பலருக்குத் தெரியாததால் சொல்கிறேன். டேட்டா ரோமிங்கை மட்டும் ஆஃப் செய்தால் போதாதா என்று கேட்பார்கள். டேட்டா நிற்கும், அழைப்பு நிற்காது. கடலில் வரும் அழைப்பை எடுத்தாலும் நிமிஷத்துக்குக் காசு. கடன் வேண்டுமா என்று கேட்டு யாரோ கூப்பிட்டாலும் காசு உங்களுடையதுதான்.

இரண்டு சிம் போட்டிருப்பவர்கள் கவனியுங்கள். ஒன்றை அணைத்துவிட்டு ஆபீஸ் சிம்மை மறந்துபோகிறவர்கள் நிறைய. ஃப்ளைட் மோட் இரண்டையும் சேர்த்தே நிறுத்திவிடும். தனியாக இ-சிம் உள்ள கைக்கடிகாரம் கட்டியிருந்தால் அதையும் ஃப்ளைட் மோடில் போடுங்கள்.

அப்படியானால் வீட்டோடு பேசுவது எப்படி? கப்பலின் வைஃபை இருக்கிறது. பெரும்பாலான கப்பல்களில் அது காசுக்குத்தான், ஆனால் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். பல கப்பல்களில் ஏறிய பிறகு வாங்குவதைவிட முன்பே வாங்கினால் விலை குறைவு. இப்போது ஏறக்குறைய 500 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுகிற செயற்கைக்கோள்கள் வந்துவிட்டதால் பல கப்பல்களில் வைஃபை நன்றாகத் தேறிவிட்டது. வாட்ஸ்அப் வீடியோ கால்கூடப் பேச முடிகிறது. ஆனால் வாங்கும் திட்டம் கால் பேச விடுமா, செய்திக்கு மட்டும்தானா என்று கேட்டு வாங்குங்கள். எத்தனை போனுக்கு என்பதையும் கேளுங்கள். ஒரு போனுக்கு வாங்கிவிட்டு, ஒருவர் வெளியேறி இன்னொருவர் நுழைந்து என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்தப் பல கப்பல்களில் இடம் உண்டு. கணவன் மனைவி போகும்போது ஒன்றே போதும் என்பது என் அபிப்பிராயம்.

காசே கொடுக்காமலும் சில வேலைகள் நடக்கும். கப்பல் நிறுவனத்தின் செயலியை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், இணையத் திட்டம் வாங்காமலே பல கப்பல்களில் அன்றைய நிகழ்ச்சி, சாப்பாட்டு நேரம் எல்லாம் அதில் பார்க்கலாம். அறையில் இருக்கும் தொலைபேசியில் இன்னொரு அறைக்குக் கூப்பிடலாம். ஆனால் அதே தொலைபேசியிலிருந்து ஊருக்குக் கூப்பிடாதீர்கள். அதுவும் செயற்கைக்கோள் வழிதான்.

இன்னொன்று சொல்கிறேன், அக்காவுக்கு மிகவும் பிடித்துப்போனது. ஃப்ளைட் மோடிலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். வானத்திலிருந்து வருவதைப் போன் வெறுமனே கேட்டுக்கொள்கிறது, எதையும் அனுப்புவதில்லை. அதற்குக் காசு இல்லை. வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், நீலத் திரையில் ஒரு புள்ளி மலாக்கா நீரிணையில் மெல்ல வடக்கே நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இரண்டு தொல்லைகளுக்கு முன்பே தயாராக வேண்டும். ஒன்று, வங்கி ஓ.டி.பி. சிம் அணைந்திருக்கும்போது அது வராது. கட்ட வேண்டிய தவணை, மின்கட்டணம் எல்லாவற்றையும் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கப்பலுக்குள் செலவு செய்வதெல்லாம் பொதுவாக அறை அட்டையில் ஏறி, கடைசியில்தான் கணக்குத் தீர்ப்பார்கள். உங்கள் வங்கி அட்டையை வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறந்து வைத்திருந்தால் போதும்.

மற்றொன்று, நேரம். சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரம். சுமத்ராவும் புக்கெட்டும் ஒரு மணி நேரம் பின்னால். போன் சுமத்ரா டவரைப் பிடித்தால் கடிகாரம் தானாக ஒரு மணி நேரம் பின்னுக்குப் போய்விடக்கூடும். கரையில் இறங்கிச் சுற்றும்போது அதை நம்பினால் கப்பலைத் தவறவிடுவீர்கள். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

சாட்டிலைட் போன் வாங்கிக்கொண்டு போகலாமா என்று ஒருவர் என்னைக் கேட்டார். வேண்டவே வேண்டாம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது சட்டப்படி குற்றம்.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் கிளம்பியது நினைவிருக்கும். விசாகப்பட்டினம் போய் வருகிறோம், உள்நாடுதானே, இதில் என்ன ரோமிங் என்று நினைக்க வேண்டாம். 12 கடல் மைல் கணக்கு அங்கேயும் அதேதான். கப்பலில் டவர் இருந்தால், உள்நாட்டுப் பயணத்திலும் போன் அதைப் பிடிக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் 15 முதல் ஒரு உறுப்பு நாட்டுக்காரர் இன்னொரு உறுப்பு நாட்டில் சொந்த ஊர் விலையிலேயே போன் பேசலாம். கப்பலின் செயற்கைக்கோள் டவர் அந்தச் சலுகையில் இல்லை. ஆனால் 2022-ல் வந்த விதிப்படி, அப்படிப்பட்ட டவரில் செலவு 50 யூரோவைத் தொட்டதும் நிறுவனமே இணைப்பை நிறுத்த வேண்டும். நல்ல பாதுகாப்பு அது. நீங்களும் போஸ்ட்பெய்டு வைத்திருந்தால், பேக் போடும்போதே செலவுக்கு ஒரு வரம்பு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். எச்சரிக்கைக் குறுஞ்செய்தி தமிழில் வர வேண்டும் என்றும் கேளுங்கள். அக்காவுக்கு அப்படி ஒரு செய்தி வந்துதான் இருந்தது. பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், சுருக்கெழுத்துகளோடு. தமிழாசிரியை அவள். அதைப் படித்து என்ன புரிந்துகொண்டிருப்பாள்?

வீட்டில் இருப்பவர்களிடம் கப்பலின் பெயர், அறை எண், கப்பல் நிறுவனத்தின் அவசரத் தொடர்பு எண் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அவசரம் என்றால் அவர்கள் நிறுவனத்தைக் கூப்பிடலாம், கப்பலின் வரவேற்பு மேசை உங்களைத் தேடி வந்து சொல்லும். "நாளைக்குப் பினாங்கில் இறங்கினதும் கூப்பிடுகிறேன்" என்றும் சொல்லிவிடுங்கள். அழைப்பு வரவில்லையே என்று யாரும் பதற மாட்டார்கள்.

அக்காவின் பில்லை எழுதிக் கேட்டுக் கொஞ்சம் குறைத்தோம். மீதியை அவளே கட்டினாள். மறு வருஷம் நானும் என் மனைவியும் போனபோது அவளையும் கூட்டிக்கொண்டு போனோம். வரமாட்டேன் என்றவளைக் கெஞ்சித்தான் அழைத்துப் போனேன். மெரினா பேயில் கப்பல் ஏறியதும், நான் சொல்வதற்கு முன்பே அவளே ஃப்ளைட் மோடைப் போட்டுவிட்டு என்னிடம் காட்டினாள். பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கி, மலேசியா நெட்வொர்க்கின் பெயர் திரையில் வந்த பிறகுதான் அதை எடுத்தாள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் குயின் தெரு. 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. கோயில் வாசலில் நின்று மகனுக்கு வீடியோ கால் போட்டாள். கோபுரத்தைக் காட்டினாள், பூக்கடையைக் காட்டினாள். அப்புறம், போன வருஷம் வந்த பில்லைப் பற்றி அங்கே நின்றபடியே அவனிடம் முதல்முறையாகச் சொன்னாள்.

வணக்கம்.