சரியாகச் சொன்னால் மட்டும் போதுமா, டாக்டர்?

வணக்கம். மருத்துவருக்குத் தேவையான தலைமைப் பண்பு, நிர்வாகத் திறன் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் சிலர் செல்போனை எடுத்துவிட்டார்கள். பரவாயில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் எடுத்திருப்பேன். அதனால் தலைமைப் பண்பைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கை கழுவுவதைப் பற்றிப் பேசுவோம்.

1847. வியன்னா பொது மருத்துவமனை. அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள். ஒன்றை மருத்துவர்களும் மாணவர்களும் பார்த்தார்கள், இன்னொன்றை மருத்துவச்சிகள் பார்த்தார்கள். பிரசவக் காய்ச்சலில் தாய்மார்கள் அதிகம் இறந்தது மருத்துவர்கள் பார்த்த பிரிவில்தான். பிரேதப் பரிசோதனை முடித்த கையோடு பிரசவம் பார்க்க வருவதுதான் காரணம் என்று அங்கே வேலை பார்த்த செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கண்டுகொண்டார். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார். அந்த ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு, ஜூனில் 2 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது.

இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? ஆனாலும் பெரும்பாலான மருத்துவர்கள் ஏற்கவில்லை. அவருடைய பதவி நீட்டிக்கப்படவில்லை. இதைப் பற்றிய அவருடைய புத்தகம் வெளிவந்ததே 1861-ல்தான். மறுத்தவர்களைக் கொலைகாரர்கள் என்று திட்டிக் கடிதம் எழுதினார். பழி முழுவதையும் அவர் தலையில் போட மாட்டேன். கேட்க மறுத்தவர்களின் அகங்காரம் பெரிது. ஆனால் ஒரு வார்டே தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள, நாம் சொல்வது சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதற்குத் தனியாக ஒரு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அந்த வேலையை மருத்துவப் படிப்பில் யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

சுமார் 150 ஆண்டு கழித்து அந்த வேலையைச் செய்து காட்டியவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பீட்டர் ப்ரொனோவோஸ்ட். சென்ட்ரல் லைன், அதாவது பெரிய ரத்தக் குழாய்க்குள் செலுத்தும் குழாய், போடும்போது தொற்று வராமல் தடுக்க ஒரு சிறு பட்டியல் போட்டார். கை கழுவு, குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கொண்டு தோலைச் சுத்தம் செய், நோயாளியை முழுக்கத் துணியால் மூடு என்று எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள்தான். பட்டியலில் புதுமை எதுவும் இல்லை. அதைச் சுற்றி அவர் செய்த மற்ற காரியங்கள்தான் எனக்குப் பிடித்தவை.

முதலில், மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்துக் குறித்துவைக்கும்படி நர்ஸ்களிடம் சொன்னார். பார்த்தால், பலமுறை ஏதாவது ஒரு படி விட்டுப்போகிறது. அடுத்து, படி தவறினால் மருத்துவரை நிறுத்தும் அதிகாரத்தை நர்ஸுக்கு வாங்கிக் கொடுத்தார். நிர்வாகமும் அதற்குத் துணை நின்றது. பல இடங்களில் கிடந்த சாமான்களை எல்லாம் ஒரே டிராலியில் வைத்தார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் (தீவிர சிகிச்சைப் பிரிவுகளில்) இதே முறை பரவியபோது, மருத்துவமனையின் உயர் அதிகாரி ஒருவர் ஐசியூவுக்கு நேரில் வந்து குறை கேட்கும் ஏற்பாடும் சேர்ந்தது. பல ஐசியூக்களில் அந்தக் குளோர்ஹெக்ஸிடினே இருப்பில் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது! எத்தனை தடவை மருத்துவரைத் திட்டினாலும் இல்லாத மருந்தைப் பூச முடியாது. 2006-ல் வெளியான முடிவுகளின்படி, 18 மாதங்களில் தொற்று 66 சதவீதம் வரை குறைந்தது.

நிர்வாகத் திறன் என்று நான் சொல்வது இந்த டிராலியைத்தான்.

இதன் மறுபக்கத்தையும் பார்த்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கு 19 அம்சப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. எட்டு நகரங்களில் செய்த ஆய்வில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பிறகு கனடாவின் ஒன்டாரியோவில் பட்டியலைக் கட்டாயமாக்கினார்கள். 101 மருத்துவமனைகளை ஆராய்ந்த 2014 ஆய்வில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் இல்லை. காரணம் பற்றி இன்னும் விவாதம் நடக்கிறது. என் கருத்தைக் கேட்டால், மேலிருந்து உத்தரவு வந்தால் நம் ஆட்கள் படிவத்தைப் பூர்த்தி செய்வார்கள், அவ்வளவுதான். கத்தி வைக்கும் முன் எல்லோரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று அந்தப் பட்டியலில் ஓர் அம்சம் இருக்கிறது. அதைக் கேலியாகச் சொல்லிக் கடக்கும் ஆபரேஷன் தியேட்டரும் உண்டு, நிஜமாகவே செய்யும் தியேட்டரும் உண்டு. எது எப்படி என்று அங்கே தலைமை தாங்கும் சீஃப் டாக்டரின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பயம் இருக்கும் இடத்தில் தகவல் மேலே வராது. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்ததாக அர்த்தம் இல்லை, செய்ததை மறைக்கவில்லை என்பதே அவர் கண்ட விளக்கம். ஆகவே உங்கள் யூனிட்டில் ஒரு தவறுகூடப் பதிவாகவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். கொஞ்சம் கவலைப்படுங்கள்.

சரி, இதையெல்லாம் எங்கே கற்பது? வார இறுதிப் பயிற்சி வகுப்புகளுக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வேலை செய்துதான் இது வரும். யாரும் தொட விரும்பாத டியூட்டி ரோஸ்டரை நான் போடுகிறேன் என்று கேட்டு வாங்குங்கள். யாருக்கு இரவு டியூட்டி, யாருக்கு விடுமுறை என்று நீங்கள் முடிவு செய்யும்போது நியாயம், பேரம், கோபம், சமாதானம் எல்லாம் ஒரே மாதத்தில் பாடமாகிவிடும். அப்புறம் ஹேண்டோவர், அதாவது டியூட்டி முடிந்து நோயாளிகளை அடுத்த டாக்டரிடம் ஒப்படைப்பது. போகிறபோக்கில் வராந்தாவில் சொல்லிவிட்டுப் போகாமல், நேரம் குறித்து, உட்கார்ந்து, இரவில் யார் நிலை மோசமாகக்கூடும் என்பதிலிருந்து தொடங்குங்கள். ரவுண்ட்ஸ் முடிவில் "சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். "இந்த நோயாளி விஷயத்தில் நான் எதைத் தவறவிட்டிருக்கலாம், சிஸ்டர்?" என்று பெயர் சொல்லி ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், பதில் வரும். வரும் பதில் சில நாள் அபத்தமாகக்கூட இருக்கும். அன்றைக்கு உங்கள் முகம் சுளித்தால், மறுநாள் நல்ல பதிலும் வராது.

கணக்குப் பார்க்கவும் பழகுங்கள். "டிராலி வேண்டும்" என்று மட்டும் எழுதிய கோரிக்கை மேசையிலேயே கிடக்கும். அது இல்லாததால் எத்தனை நிமிடம் வீணாகிறது, எத்தனை லைனில் தொற்று வந்தது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் கூடுதல் படுக்கை ஆனது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். நிர்வாக அதிகாரியை எதிரியாகப் பார்க்கும் வழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. அவருக்கு வார்டில் நடப்பது தெரியாது, நமக்குப் பட்ஜெட் தெரியாது. யாராவது ஒருவர் முதலில் நடந்து போக வேண்டும், அவர் அறை வழக்கமாகத் தரைத்தளத்தில்தான் இருக்கும்.

இனி கேள்விகளைக் கேளுங்கள். முதல் கேள்வி பின்வரிசையிலிருந்து வரட்டும்.